ஐந்தடிக் கல்லாறு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இலையில் உட்காரப் போகிற, இந்த மலரையும் கையில் வாங்கியிருக்கிற சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் மடித்து வைக்கிறவர்கள் உண்டு. நானே அப்படிச் செய்திருக்கிறேன். இந்த ஒரு தடவை தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

“முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ நீ, நீதான் எழுதணும்” என்று அத்தான் சொன்னபோது ஒரு நிபந்தனை போட்டேன். நான் எழுதுவதில் ஒரு வரியைக்கூட யாரும் அடிக்கக் கூடாது. அத்தான் ஒத்துக்கொண்டார். அக்காவின் கல்லாற்றுப் படத்தைக் கெடுத்தது யார் என்று ஆறு வருடமாக நம் குடும்பத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டுக் கிடக்கிறது. அதை இந்த மலரில் நேராக்கித் தருவதாக அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் முதலில் அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். முறை அதுதானே.

இன்னொன்று. வீட்டில் நானும் அக்காவும் ஒருவரையொருவர் “நீ, வா, போ” என்றுதான் பேசுவோம். அச்சில் வருவதால் “அவர்” என்று எழுதுகிறேன். அக்கா வாசித்தால், “யாருட்டி இந்த அவர்?” என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

அக்கா பிறந்தது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில். அப்பாவின் பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே வந்து நூல், பித்தான், லேஸ் விற்கிற கடை வைத்தார். கடைக்கு மேல்மாடியில் வீடு. கீழே அரிசி மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்தில்தான் நாங்கள் தினமும் கண் விழிப்போம். மூத்தவர் அக்கா, எட்டு வருடம் கழித்து நான், இரண்டே பேர். ஜாக்கெட் துணியின் ஒரு நுனியைக் காட்டினால் போதும், அதற்குச் சேருகிற நூல் எந்தப் பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவார் அக்கா. அப்போது அவருக்குப் பத்து வயதுகூட இருக்காது. தையல்காரர்கள் அப்பாவை விட்டுவிட்டு, “மோளெ விளிக்கூ” என்று அக்காவைத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

வருடத்தில் ஒரு நாள் அப்பா கடையை அடைத்துவிட்டு எங்களைக் கல்லாற்றுக்குக் கூட்டிப் போவார். பொன்முடிக்கு ஏறுகிற வழியில் ஆற்றங்கரையில் இறங்கிவிடுவோம், மலைக்குப் போனதே இல்லை. புளிச்சோறும் பருப்புத் துவையலும் தூக்குவாளியில் இருக்கும். அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வாள். வீட்டில் வாய்விட்டுச் சிரிக்காத அம்மா அங்கே சிரிப்பாள். எனக்குப் பதினொரு வயதானபோது, போகிற அன்றைக்குப் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவர்களோடு நான் பேசவே இல்லை. அடுத்த வருடம் போகலாம் என்றார் அப்பா. அடுத்த வருடம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. மூன்று வருடம் தனியாகக் கடையைப் பார்த்தார். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்தார். படித்ததெல்லாம் தமிழ், தேர்வு மலையாளத்தில். பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் எழுத்துக் கூட்டி வாசித்தே மலையாளம் எழுதப் படித்தார். வேலையும் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் டீச்சருக்குப் படித்தேன். என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவர் கல்யாணம். மின்சார ஆபீஸில் இருந்த அத்தான் வந்து பெண் பார்த்தபோது அக்காவுக்கு முப்பது. குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றிப் பேசாத ஆள் நம் சொந்தத்தில் இல்லை. பேசாதவர் அக்கா ஒருவர்தான்.

ஆபீஸில் அவர் எப்படி என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒரு முறை அவர் கையால் ஒரு பெரிய ஃபைல் தவறான இடத்துக்குப் போய்விட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். அக்கா நேராக மேலதிகாரியின் அறைக்குப் போய், “சார், இது என் தப்பு” என்று சொல்லிவிட்டு வந்தார். “உனக்கு என்ன கிறுக்கா?” என்று நான் கேட்டேன். “செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லிட்டா ராத்திரி சாப்பாடு எறங்கும் கேட்டியா” என்றார். அந்த வார்த்தையை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி கம்பளிக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் ஆபீஸ் சிநேகிதிகளோடு காஷ்மீருக்குச் சுற்றுலா போனார் அக்கா. அங்கே ஒரு முற்றத்தில் நாலு பேர், நூலாக நூற்காத கம்பளியை அப்படியே பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி, உருட்டி மிதித்துக் கொண்டிருந்தார்களாம். தறி இல்லை, ஊசி இல்லை, அவிழ்த்துப் பார்த்தால் விரிப்பு! அக்கா அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தாராம். வரும்போது எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தார். நல்ல மெரூன் நிறம்.

“திருவனந்தபுரத்திலே இதை எங்கே கொண்டு போய்ப் போர்த்த?” என்று கேட்டேன்.

“பின்னெ! ஏசி பஸ்ஸிலே போர்த்திக்கோ. உன் நிறத்துக்கு அதுதான் எடுப்பு” என்றார்.

நூல் கடைக்காரர் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வீட்டுக் கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜை அக்காவின் கம்பளி மேஜை ஆயிற்று. சாப்பாடு தரைக்கு வந்தது. ஃபெல்ட் என்று அதற்குப் பெயர் என்றாலும் நம் சொந்தத்தில் எல்லோரும் “அக்கா தேய்க்கிறது” என்றுதான் சொல்வோம். நிறம் ஏற்றிய கம்பளியைச் சிலந்தி வலை போல மெல்லிதாகப் பிய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படம் மாதிரி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதை யாராலும் பிரிக்க முடியாது. நுண்மையான இடங்களில் பக்கங்களில் சின்னச் சின்ன வெட்டு உள்ள ஊசியால் குத்திக் குத்திக் கூடுதல் இழையை உள்ளே இறக்குவார்.

அடுக்குகிற நேரத்தில் ஒரு மூச்சுக் காற்று வந்தால் போதும், எல்லாம் பறந்துவிடும். அதனால் அக்கா வேலை செய்கிற அறையில் ஃபேன் கிடையாது. இந்த ஊர் வேக்காட்டில்! கும்பத்திலும் மீனத்திலும், அதாவது மாசி பங்குனி வெயிலிலும்! அத்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் நான் ஸ்விட்ச் பக்கம் போனேன்.

“ஏட்டி, ஃபேனைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!”

பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா எட்டிப் பார்த்து, “எந்தா சேச்சீ, கறண்டு போயோ?” என்று கேட்டார்.

“கறண்டு உண்டு. காற்று வேண்டா” என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

சித்தி வந்து பார்த்துவிட்டு, “இந்த வேக்காட்டிலே கம்பளியா? இவளுக்குச் சூடு தலைக்கு ஏறிப்போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்கு அதெல்லாம் ஏறவே ஏறாது. மிதியடி செய்தார், தொப்பி செய்தார், கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தை நாலு சாண் அளவில் செய்தார், அதில் பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு வழுக்கைத் தலை ஆளைப் பார்த்து அத்தானே, “இது நானல்லே?” என்று கேட்டார். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், வெயில் காலத்தில் அந்துப்பூச்சி அரிக்கும். கிராம்பும் வேப்பிலையும் போட்டு டிரங்குப் பெட்டியில் பிள்ளையைப் போலப் பாதுகாத்தார்.

இந்த இடத்தில் ராஜத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜம் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் கட்டட வேலைக்கு இங்கே வந்தார், கூட வந்தவள் அக்கா வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மாதத்துக்குள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளி தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அவள் கை அழுத்தம் அக்காவுக்கே கிடையாது. பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவளுடைய நாத்தனார் வீட்டில் கருப்பு ஆடு உண்டு. அந்த ஆட்டு ரோமத்தை ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்து போட்டாள். முள் மாதிரி குத்துகிற முரட்டுக் கருப்பு. அக்கா அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ராஜம், இது பாறை” என்றார். கல்லாற்றுப் படம் அன்றைக்கு ஆரம்பித்தது.

ஐந்தடி நீளம், மூன்றடி உயரம். ராஜத்தின் கருப்பு ரோமத்தில் பாறைகள், பச்சையும் சாம்பலும் கலந்து தண்ணீர், கரையில் தூக்குவாளி. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அம்மா. முழங்கால் வரை வேட்டியை மடித்த அப்பா. பக்கத்தில் பாவாடை தாவணியோடு அக்கா. தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அதை இறுக்கமாகத் தேய்க்காமல் கொஞ்சம் தளர்வாகவே விட்டிருந்தார். நகரத்தில் ஒரு பெண்கள் குழு நடத்துகிற கண்காட்சியில் அக்காவுக்கு ஒரு சுவர் முழுவதும் கொடுத்திருந்தார்கள். முதல் தடவையாக ஊர் பார்க்கப் போகிற படம்.

நான் போய்ப் பார்த்தேன். அழகு, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“நான் எங்கே இதிலே?”

“நீ அன்னைக்கு வரலியே.”

“அதுக்காக? படம்தானே, ஒரு ஓரத்திலே என்னையும் வெச்சா கல்லாறு வத்திருமோ?”

“வராத ஆளை எப்படிட்டி வைக்க? பொய்யாப் போயிருமே” என்றார் அக்கா.

ஐம்பது வயது தாண்டிய ஒருத்தி, பதினொரு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கிக்காக அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். அக்காவும் அத்தானும் இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. அடைமழைக் காலம். வீட்டை அடைத்துப் போட்டால் படத்தில் பூசணம் பிடிக்கும் என்று என்னைக் காவலுக்கு வைத்தார்கள். “ஜன்னலைத் திற, சாரல் அடிச்சா மூடு. படத்தைத் தொடாதே. அவ்வளவுதான் உனக்கு வேலை” என்றார் அக்கா.

இரண்டாவது நாள் காலையில் பார்க்கிறேன், படத்தின் ஒரு மூலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கிட்டப் போய் முகர்ந்தால் நனைந்த ஆட்டு வாசனை. எனக்குச் சுத்தம் பெரிது, அது உங்களுக்கெல்லாம் தெரியும். இப்படியே கொண்டுபோய் ஊர் முன்னால் தொங்கவிட்டால் அக்காவுக்கல்லவா அவமானம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த ராஜத்தை, “நான் பார்த்துக்கறேன், நீ போ” என்று அனுப்பினேன். படத்தைச் சுருட்டி வாஷிங் மெஷினில் போட்டேன். கம்பளியோடு கம்பளி சேரட்டும் என்று, மழைக்குப் போர்த்திக்கொண்டு வந்திருந்த, துவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த என் மெரூன் சால்வையையும் கூடப் போட்டேன். கறை போக வேண்டும் என்று வெந்நீர் வைத்தேன்.

ஆமாம். படத்தைக் கெடுத்தது நான்தான்.

மெஷினைத் திறந்தபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. உள்ளே போட்டது ஐந்தடி. வெளியே வந்தது தலையணை அளவு. அம்மா, அப்பா, பாறை எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி, தடித்து, பலகை மாதிரி கெட்டியாகி விட்டார்கள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வெந்நீரிலும் சோப்பிலும் உருளுவதுதான் கம்பளியை இறுக்குகிறது என்று இரண்டு வருடமாக அக்கா என் கண் முன்னால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் பார்க்கவில்லை. படத்தை மேஜைமேல் விரித்து வைத்தேன். கைத்துண்டு அளவுக்கு ஆகியிருந்த சால்வையைப் பைக்குள் திணித்தேன். கதவைப் பூட்டிச் சாவியை, எப்போதும் ராஜம் வாங்கித் திறக்கிற பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்து, “யார் செஞ்சது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு” என்று அதட்டியவள் நான்.

சாயங்காலம் கல்யாணத்தில் இருந்து வீடு திரும்பியதும் அத்தான் போன் செய்தார். சித்தியும் அவர்களோடு வந்து தங்கியிருந்தாளாம்.

“நீ கெளம்பும்போ படம் நல்லாத்தானே இருந்தது?”

“இருந்தது.”

“அப்போ ராஜம்தான் மெஷின்லே போட்டிருப்பான்னு சித்தி சொல்லுறா.”

“இருக்கும்.”

இரண்டே சொல். ஆறு வருடமாக உங்கள் எல்லோர் வீட்டிலும் புழங்குகிற கதை அந்த இரண்டு சொல்லில் இருந்து வந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு வந்த ராஜத்தைச் சித்தி வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “நான் போடல்லெ” என்று ஒரே ஒரு தடவை சொன்னாளாம் ராஜம். அழவில்லை, சண்டை போடவில்லை, திரும்பிப் போய்விட்டாள். குளித்துவிட்டு வந்த அக்கா விஷயம் தெரிந்ததும், ஈரத் தலையோடு ஆட்டோ பிடித்து ஆற்றுகால் பக்கம் அவள் குடியிருந்த அறைக்குப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். யார் கேட்டாலும், “ராஜம் செய்யல்லெ” என்றார். பின்னே யார் என்று கேட்டால், “மெஷின்” என்பார். நம் ஆட்கள் அதை அக்காவின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, ராஜத்தைப் பற்றிப் பேசுவதை மட்டும் விடவில்லை.

கண்காட்சிக்கு நான் போகவில்லை. முட்டி வலி என்றேன். நடந்ததை அத்தான்தான் சொன்னார். ஐந்தடிப் படத்துக்காகச் சுவரில் நான்கு மூலைக்கும் முன்பே ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடுவில் அந்தத் தலையணை அளவுத் துண்டைத் தொங்கவிட்டாராம் அக்கா. சுற்றிலும் வெறும் சுவர், நாலு பக்கமும் ஆணி. கீழே ஒரு சீட்டில் “வேனலில் கல்லாறு” என்று எழுதி ஒட்டினார். கோடையில் வற்றிச் சுருங்கிய ஆறு! யாரோ ஒரு பேராசிரியர் அதன்முன் வெகுநேரம் நின்றுவிட்டு, நம் ஆறுகளின் நிலையை இதைவிடச் சொல்ல முடியாது என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினாராம். அக்கா அவரிடம் போய், “அதெல்லாம் செரிதான் சார். இது வாஷிங் மெஷினில் போட்டது” என்று சொல்லிச் சிரித்தாராம். அந்த மூன்று நாளில் அதிகம் பேர் நின்று பார்த்தது அந்தச் சுவரைத்தான். அக்காவை எதைக் கொண்டும் தோற்கடிக்க முடியாது.

அதற்கப்புறம் அவர் இன்னும் பெரிது பெரிதாகச் செய்தார். இரண்டு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஓர் ஆஸ்பத்திரிக் கூடத்திலும் அவர் செய்தவை தொங்குகின்றன. கல்லாற்றுப் படத்தை மட்டும் கண்காட்சி முடிந்ததும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வாய் ஏது?

போன வருடம் இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். ராஜம்தான் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள். படுக்கையில் இருந்தபடியே அக்கா கம்பளியை உள்ளங்கையில் உருட்டி நெல்லிக்காய் அளவு உருண்டைகள் செய்வார், பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார். ஒரு நாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

“ஏட்டி, எங்கிட்டே சொல்லுறதுக்கு உனக்கு ஏதாவது உண்டா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது.

“ஒண்ணும் இல்லையே. மாத்திரை சாப்பிட்டியா?” என்றேன்.

“செரி. ஃபேனைக் கூட்டி வை” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

அன்றைக்கு அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது சித்தி என் காதில், “அவளை உள்ளே விடாதே, படத்தைக் கெடுத்தவ” என்றாள். நான்கு மாதம் அக்காவைக் குளிப்பாட்டியவள் கேட்டுக்கு வெளியே, மழையில், தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் நின்றாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெஷினில் போட்டது அறியாமை. இதற்கு அந்தப் பெயர் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தான் டிரங்குப் பெட்டியின் சாவியை என்னிடம் தந்தார். ராஜத்தையும் கூப்பிட்டுக்கொண்டேன். கிராம்பும் காய்ந்த வேப்பிலையும் உதிர, ஒவ்வொன்றாக எடுத்து விரித்தோம். அடியில் கல்லாறு இருந்தது. நான் அதைச் சட்டென்று மடிக்கப் போனேன்.

“டீச்சர், கண்ணாடியைப் போட்டுப் பாருங்க” என்றாள் ராஜம்.

போட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் முழுக்க மெல்லிசாக மெரூன் இழைகள் ஓடிக்கொண்டிருந்தன. என் சால்வையின் இழைகள். கம்பளி கம்பளியைப் பிடித்துக்கொண்டது, பிரிக்க முடியாது என்று முன்னால் எழுதினேனே, அதுதான். அந்தச் சால்வையைக் கடையில் பார்த்துப் பார்த்து எடுத்தது அக்கா. ஒரு நூல் நுனியைப் பார்த்துப் பெட்டியைச் சொல்கிறவர். நாகர்கோவிலில் இருந்து வந்து படத்தைக் கையில் எடுத்த அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“கீழே பாருங்க, டீச்சர். அந்த மூணாவது பாறை.”

அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்தப் பக்கம், மூன்றாவது பாறையில், கட்டை விரல் அளவில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. முன்பு இல்லாத ஆள். சிதறிக் கிடந்த மெரூன் இழைகளை ஊசியால் நெருக்கி நெருக்கி ஒரு சால்வையாக்கி அதற்குப் போர்த்தியிருந்தார் அக்கா. ஒரு பக்கக் கன்னம் மட்டும் வீங்கியிருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ராஜம் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள்.

“உனக்கு எப்போ தெரியும், ராஜம்?”

“நீங்க என்னைப் போகச் சொன்னப்புறம் மழை விடட்டும்னு வெளியே நின்னேன், மெஷின் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. என்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே அக்கா இந்த இழையைக் காட்டினாவ. நான் சொல்லிப்புடவா எல்லார்ட்டயும்னு கேட்டேன். ‘சொன்னா உன் பேரு நேராயிரும், நீ சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஆனா அவ வாயாலே வந்தா நல்லது. வருவா, பாரு’ன்னாவ. செரின்னு நானும் இருந்துட்டேன். அதுக்காக வலிக்கல்லென்னு நெனைக்காதீங்க.”

மன்னித்துக்கொள் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கிட்டே சொல்லி என்ன, டீச்சர்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டே சொல்லுங்க. வாயாலே சொன்னா நாளைக்கு மாறிப்போவும். அச்சிலே போடுங்க.”

அதனால்தான் இந்தக் கட்டுரை. எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். “ராஜம்னு கூப்பிடுறது வீட்டுக்குள்ளே. நன்றி சொல்லுற எடத்திலே ரேஷன் கார்டிலே இருக்கிற மாதிரி முழுசாப் போடுங்க” என்றாள். நியாயம்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நான்கு மாதமும் முகம் சுளிக்காமல் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ்மாருக்கும், ராத்திரி பகல் பாராமல் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் மகனுக்கும், ஏழு வருடம் ஃபேன் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்த அத்தானுக்கும், நாகர்கோவிலில் இருந்தும் அம்பாசமுத்திரத்தில் இருந்தும் வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. சித்தி, உன்மேல் தப்பில்லை. நீ ஊகமாகத்தான் சொன்னாய், நான்தான் “இருக்கும்” என்றேன்.

அக்காவின் கலையில் பாதிக் கையாகவும் கடைசி நாட்களில் முழுத் துணையாகவும் இருந்தவர், எந்தத் தவறும் செய்யாதவர், திருமதி மு. ராஜம்மாள் அவர்கள். அவருக்கு என் நன்றியை விட நான் கேட்கிற மன்னிப்பு முன்னால் போகட்டும். நினைவு நாள் அன்று பந்தியில் முதல் இலை அவருக்கு. அக்கா படத்துக்கு விளக்கேற்றுவதும் அவர்தான்.

சாப்பிட்டு எழுந்ததும் கூடத்துக்குள் வாருங்கள். கல்லாற்றைப் பெட்டியில் இருந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். நாலு ஆணியும் ஐந்தடிக்கு அடித்திருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள், ஃபேன் ஓடினாலும் இப்போது ஒன்றும் பறக்காது. அம்மா, அப்பா, அக்கா, பக்கத்துப் பாறையில் மெரூன் சால்வையோடு நான்.

லேட்டாயிட்டுது அக்கா. வந்துட்டேன்.

கண்ணீருடன்,
தங்கை
சாலை நூல்கடை வீட்டு இளைய மகள்